எந்த டொலறஸ்?

நகுலேஸ்வரியை லண்டன் கிங்ஸ்பரி வீட்டு வாசலில் வாயடைத்து நிற்கவிட்டுத்தான் சென்ற வாரம் நாம் பிரிந்தோம். பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்பாள். உள்ளே கூட்டிக்கொண்டு போவோம்.

நடந்தது இதுதான். மகன் மிதுலன் ஒரு பிள்ளையை விரும்புவதாகச் சொன்னான். பெயர் பியா. வேதக்காரர். தாயின் பெயர் டொலறஸ். கடற்கரைப் பக்கத்து ஊர். இதைக் கேட்ட எந்த யாழ்ப்பாணத்துத் தாயும் என்ன நினைப்பாளோ அதைத்தான் நகுலேஸ்வரியும் நினைத்தாள்: பாசையூர். கணவரின் சிநேகிதர் ஞானரட்ணத்தை விசாரிக்க விட்டாள். அவர் மூன்றே நாளில் மனோர் பார்க்கில் பாசையூர் டொலறஸ் ஒருவரைக் கண்டுபிடித்து, நல்ல குடும்பம், படித்த மகள், பியா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கும் என்று அறிக்கையும் தந்தார். சமயம் வேறென்றாலும் எங்கள் சனம்தானே என்று நகுலேஸ்வரி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிறு மிதுலன் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்தான். "வா பிள்ளை, அம்மா சுகமா இருக்கிறாவோ?" என்று கதவைத் திறந்தவளிடம், "ஹலோ ஆன்ரி, ஐ ஆம் பியற்றிஸ்" என்று ஒரு மெக்சிக்கோக்காரி கையை நீட்டினாள்.

அது நடந்து மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வீட்டில் நகுலேஸ்வரி கதைத்ததைவிட அவள் கழுவிய பாத்திரங்கள் கதைத்ததுதான் அதிகம். ஞானரட்ணத்துக்கு ஆள் பிழை என்று கணவர் வாமதேவன் சொல்லிவிட்டார். அவரும், தான் அந்தக் குடும்பத்திடம் நேரே எதுவும் கேட்கவில்லை, அக்கம்பக்கத்தில்தான் விசாரித்தேன் என்று கையைக் கழுவிவிட்டார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை என்பது நகுலேஸ்வரிக்கு மட்டும் தெரியும். அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முந்தி, ஆசை பொறுக்காமல், மனோர் பார்க் டொலறஸுக்கு அவளே போன் எடுத்திருந்தாள். முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். மிளகாய்த்தூள் எங்கே வாங்குகிறது என்பதில் தொடங்கி முழங்கால் நோவில் வந்து நின்றார்கள். வைக்கும்போது, "எங்களுக்கு முழுச் சம்மதம். உங்களுக்குத் தோதான நாளில மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள்.

இதை அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. மெக்சிக்கோ விசயம் எப்படியும் குழம்பும், குழம்பினால் கொடுத்த வாக்கு வீணாகாது என்று இருந்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு மருமகள் எப்படி அமைந்தாலும் சமாளித்துவிடுவாள். பின்னேரத்தில் போன் எடுத்து, தன் பாஷையில் தன் அலுப்பைச் சொல்லக் கூடிய ஒரு சம்பந்தி வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அந்தச் சம்பந்தி கைக்கு எட்டி, முக்கால் மணித்தியாலம் கதைத்தும் விட்டு, இல்லாமற் போய்விட்டாள். அந்த ஏமாற்றத்தை யாரிடம் சொல்வது?

எனவே மிதுலன், "பியாவின்ர அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறா" என்று வந்து நின்றபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாறன். வந்து இருப்பன். ஆனால் அந்த வீட்டில வாய் நனைக்க மாட்டன். நனைச்சால் நான் சம்மதம் எண்டு நீ எடுத்துக்கொள்."

அதோடு நிற்காமல் நாளையும் அவளே குறித்தாள். புரட்டாதி மூன்றாம் சனி. அவள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத நாள்.

மிதுலன் ஒரு கந்தோரில் திட்டமிடுகிற வேலை பார்க்கிறவன். தாயின் வாயை நனைப்பதற்கும் ஒரு திட்டம் போட்டான். நேரே அந்த வீட்டுக்குப் போகாமல், காலையிலிருந்தே லண்டனில் உள்ள மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடைகளைக் காட்டி, ருசி பழக்கி, பசியையும் ஏற்றிக் கூட்டிப் போவது. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதில் நகுலேஸ்வரியின் கால்களை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

சனிக்கிழமை வழமைபோல ரயில் ஓடவில்லை. பதிலுக்கு விட்ட பஸ்ஸில் கிங்ஸ்பரியிலிருந்து ஊர்ந்து, பிறகு ரயில் மாறி, மாடிப்படி ஏறி இறங்கி நகரத்தின் நடுவுக்கு வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பியற்றிஸ் அங்கே காத்து நின்றாள். முதற்கடையின் சுவரெல்லாம் பெரிய பெரிய தொப்பிகள். மேசைக்கு வந்த தட்டில் மஞ்சள் நிறச் சீஸ் உருகி வழிந்துகொண்டிருந்தது.

"இதோ உங்கட சாப்பாடு?" என்று நகுலேஸ்வரி கேட்டாள்.

மிதுலன் மொழிபெயர்க்க, பியற்றிஸின் முகம் சுருங்கிப்போனது. "நோ, நோ ஆன்ரி. இது எங்கட இல்லை" என்று ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னாள். இது அமெரிக்க எல்லைப் பக்கத்துச் சமையலாம். இதைத்தான் லண்டனில் எல்லோரும் மெக்சிக்கோ என்று விற்கிறார்களாம்.

"உங்கட இல்லையெண்டால் பிறகேன் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"வித்தியாசம் தெரியோணும் எண்டுதான் அம்மா" என்றான் மிதுலன். "மெக்சிக்கோச் சாப்பாடு எண்டு ஒண்டு இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொண்டு. பியா ஆக்கள் வெராக்குரூஸ், கடற்கரைப் பக்கம். இட்லி தோசைதானே உங்கட சாப்பாடு எண்டு ஒரு வெள்ளைக்காரன் கேட்டால் உங்களுக்கு எவ்வளவு கோவம் வரும்?"

அது உண்மைதான். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் அப்படித்தான் கேட்பார்கள். அவளுக்கும் கோபம் வரும். ஆனால் உண்மையாக இருக்கிறது என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டுமா என்ன.

"குரூஸ் எண்டு மன்னாரிலயும் ஆக்கள் இருக்கினம்" என்றார் வாமதேவன். அதற்குள் அந்த மஞ்சள் சீஸ் தட்டில் முக்கால்வாசியை அவர் முடித்திருந்தார்.

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். வாயைத் துடையுங்கோ."

அப்போதுதான் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். மனோர் பார்க் நம்பர். போனை அமத்தி, பையின் அடியில், குடைக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

இரண்டாவது இடம் எலிபன்ட் அன்ட் காசில். ரயில் பாலத்துக்குக் கீழே தென்னமெரிக்கக் கடைகள். அங்கே ஒரு பெண் மூலையில் அடுப்பு வைத்து, மெக்சிக்கோவில் ஓஹாக்கா என்கிற பக்கத்துச் சமையல் செய்துகொண்டிருந்தாள். பானைக்குள் கரிய நிறத்தில் ஒரு குழம்பு கொதித்தது. மிளகாயைக் கருக வறுத்து, எள்ளும் கறுவாவும் சேர்த்து அரைப்பதாம். வாமதேவன் ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்தார்.

"நகுலா, இது எங்கட வறுத்த தூள் வாசம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வித்தியாசம் தெரியாது."

"இதுக்குள்ள சொக்கிலேட்டும் போடுவினம்" என்றான் மிதுலன், பெருமையாக.

"குழம்புக்குள்ள சொக்கிலேட்டோ?" நகுலேஸ்வரிக்கு நடந்து நடந்து குதிக்கால் எரிந்தது. "ஏன், கேக்குக்குள்ள கருவாடு போடுறேல்லையோ?"

அவளுக்கு மரக்கறி வேண்டுமென்று மிதுலன் கறுத்த அவரைப் பயறை வாங்கிக்கொண்டு வந்தான். பலகையில் மரக்கறி என்றுதான் எழுதியிருந்தது. வெளிக் கடையில் வாய் நனைப்பது கணக்கில்லை, பசியும் வந்துவிட்டது. நகுலேஸ்வரி கரண்டியை எடுத்தாள். எடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று, "எதில தாளிச்சது?" என்று கேட்டாள். மிதுலன் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டான். அவளுக்கு விளங்கவில்லை. பியற்றிஸ் ஸ்பானியத்தில் கேட்டாள். பதில் வந்ததும் பியற்றிஸ் மெல்லக் கரண்டியை நகுலேஸ்வரியிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"என்னவாம்?"

"பண்டிக் கொழுப்பாம் அம்மா" என்றான் மிதுலன்.

"புரட்டாதிச் சனி" என்றாள் நகுலேஸ்வரி. அவள் திட்டாமல் விட்டதுதான் மிதுலனுக்குப் பயமாக இருந்தது. திரும்பவும் பைக்குள் போன் அதிர்ந்தது. இந்த முறை அவள் எடுத்துப் பார்க்கவும் இல்லை.

பியற்றிஸின் தாய் டொலறஸின் வீடு கம்பர்வெல்லில், மூன்றாம் மாடியில். படிகள். நகுலேஸ்வரி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்தவள் கட்டையான, பருத்த பெண். அரைவாசி நரைத்த தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். பதினொரு வருடம் லண்டனில் இருந்தும் ஆங்கிலம் வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேல் ஏறவில்லை. அதிகாலையில் கந்தோர்கள் துப்புரவாக்குகிற வேலை, கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஸ்பானியம் பேசுகிறவர்கள். பிறகு ஆங்கிலம் எங்கிருந்து வரும்? இரண்டு தாய்மாரும் கையைப் பிடித்து, சிரித்து, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் கையை விட்டார்கள்.

இதைத்தான் நகுலேஸ்வரி பயந்தாள். இனி ஆயுளுக்கும் இப்படிக் கையைப் பிடித்துச் சிரிக்கிறதுதானா?

மேசை நிறையச் சாப்பாடு. நடுவில் பெரிய சட்டியில் சிவந்த நிறத்தில் ஆவி பறந்தது. சில்பாச்சோலே என்றாள் பியற்றிஸ். நண்டு, காய்ந்த மிளகாய், தடிப்பாக வருவதற்குச் சோள மா. வாமதேவன் ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது, உறைப்பிலா என்று தெரியவில்லை.

"நகுலா, இது கூழப்பா."

"கூழோ, குழம்போ, நீங்கள் குடியுங்கோ."

"பனங்கிழங்கு ஒடியல் மாவுக்குப் பதில் சோளமா. அவ்வளவுதான். நண்டைப் பாரும், ஓட்டோட போட்டிருக்கு."

அவர் இரண்டாம் கோப்பைக்கு நீட்டினார். மிதுலனும் குடித்தான். நகுலேஸ்வரியின் முன்னால் தனியாக ஒரு தட்டு இருந்தது. தடித்த சின்ன ரொட்டிகள், ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கரை கட்டி, நடுவில் கறுத்த அவரையும் தக்காளிச் சம்பலும் வெள்ளைச் சீஸும். பிக்காடா என்று பெயராம். அவரையைக் கண்டதும் அவளுக்குப் பன்றிக் கொழுப்பு நினைவு வந்தது. தட்டைத் தொடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்கள். அதையும் தொடவில்லை.

டொலறஸ் தட்டைப் பார்த்தாள், நகுலேஸ்வரியைப் பார்த்தாள். சுட்டிக்காட்டிச் சாப்பிடச் சொன்னாள். நகுலேஸ்வரி தலையை ஆட்டிச் சிரித்தாள். டொலறஸ் மகளிடம் ஸ்பானியத்தில் ஏதோ கேட்டாள். மகள் சொன்ன பதிலில் டொலறஸின் முகம் சிவந்தது. எழுந்தாள். இடுப்பிலிருந்த சமையல் துணியை அவிழ்த்துக் கதிரையில் எறிந்தாள்.

"ஸோ. ஃபையராபெண்ட்" என்றாள்.

நகுலேஸ்வரி நிமிர்ந்தாள்.

பதினாறு வருடமாக அவள் கேட்காத சொல். லண்டனுக்கு வர முன்னம், ஜேர்மனியில் டோர்ட்முண்டில் ஐந்து மாடி இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றை ஒன்பது வருடம் துடைத்தவள் அவள். ஒவ்வொரு நாளும் வாளியைக் கவிழ்த்துவிட்டு, இண்டைக்கு வேலை முடிஞ்சுது, இனி என்னை ஒருத்தரும் கேட்காதேங்கோ என்பதற்குச் சொன்ன சொல். அவள் யோசிக்க முன்னமே வாய் கேட்டுவிட்டது, டொச்சில், அதுதான் ஜேர்மன் பாஷையில்.

"எங்க வேலை செய்தனீங்கள்?"

டொலறஸ் திரும்பினாள். இருவரும் பேசிய டொச்சை இங்கே தமிழில் தருகிறேன். இலக்கணப் பிழைகளை வாசகர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

"கொலோன். நாலு வருசம். ஹோட்டல் அறை துடைச்சனான். இவளை என்ர அக்காவிட்ட விட்டிட்டுப் போனனான்." டொலறஸ் மகளைச் சுட்டினாள். "நீ?"

எடுத்த எடுப்பிலேயே 'நீ' போட்டுவிட்டாள். அது நகுலேஸ்வரிக்கு ஏனோ பிடித்திருந்தது.

"டோர்ட்முண்ட். நானும் துடைக்கிற புட்ஸ் வேலைதான்."

பியற்றிஸ் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். எட்டு வயதில் ஜேர்மனியை விட்ட மிதுலனுக்கு அங்கொன்று இங்கொன்றாகச் சொற்கள் பிடிபட்டன. வாமதேவனுக்கு எல்லாம் விளங்கியது, ஆனால் அவருடைய வாய்க்குள் நண்டு இருந்தது.

"அப்ப உனக்குக் கதைக்கத் தெரியும்" என்றாள் டொலறஸ். "நல்லது. ஒண்டு சொல்லுறன், கேள். இந்தக் கலியாணத்தில எனக்கும் விருப்பமில்லை."

நகுலேஸ்வரி மூன்று வாரமாகக் காத்திருந்த சொல் அது. இதோ குழம்பிவிட்டது. மனோர் பார்க்குக்குக் கொடுத்த வாக்கும் தப்பிவிட்டது. அவள் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ கோபம் உச்சியில் ஏறியது.

"ஏன்? என்ர பிள்ளையில என்ன குறை?"

"நான் குறை சொன்னனோ?"

"படிச்சவன். குடி கிடையாது. தன்ர உடுப்பைத் தானே தோய்க்கிறவன். உங்கட மகளுக்காக இண்டைக்குக் காலமையிலயிருந்து என்னை லண்டன் முழுக்க இழுத்துக்கொண்டு திரியிறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

மூன்று வாரமாக மண்டைக்கனம் பிடித்தவன் என்று அவள் திட்டித் தீர்த்த அதே பிள்ளைதான். மிதுலன் எதை விளங்கினானோ, தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளையில குறையில்லை" என்றாள் டொலறஸ். அவள் குரல் இறங்கியிருந்தது. "குறை உன்னில. நான் இருட்டோட எழும்பி நண்டு வாங்கப் போனனான். உனக்கு இண்டைக்கு நண்டு ஆகாது எண்டு இவள் சொன்னாள், சரி, உனக்கெண்டு வேற சட்டி, வேற கரண்டி. நீ தண்ணியைக் கூடத் தொடேல்லை. நாளைக்கு என்ர மகள் உன்ர வீட்டில சமைச்சு வைப்பாள். நீ இப்பிடித்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாய். அதைப் பாக்க என்னால ஏலாது."

நகுலேஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தொடாமல் திருப்பிக் கொண்டுவருகிற தட்டுகளைக் குப்பையில் கொட்டும்போது அவளுக்கு எவ்வளவு வயிறெரியும். மூன்று மாடி ஏறிவந்து, அதே வேலையை அவள் இன்னொரு பெண்ணுக்குச் செய்திருக்கிறாள். அதுவும் ஒரு பிடிவாதத்துக்காக.

அவள் தட்டைக் கிட்ட இழுத்தாள். ஆனாலும் புரட்டாதிச் சனி புரட்டாதிச் சனிதானே.

"ஷ்மால்ட்ஸ்?" என்று கேட்டாள். பன்றிக் கொழுப்புக்கு டொச்சில் அந்தச் சொல். ஜேர்மனிக்குப் போன சைவக்காரர் எல்லோரும் கடையில் முதல் மாதமே பழகிக்கொள்கிற சொல்.

"ஷ்மால்ட்ஸ் இல்லை" என்றாள் டொலறஸ். "எண்ணெய். என்ர செத்துப்போன அம்மா மேல சத்தியம்."

நகுலேஸ்வரி பிக்காடாவைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். எல்லோரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை நன்றாக மசிந்திருந்தது, ரொட்டியின் கிள்ளிய கரை மொறுமொறுவென்று இருந்தது. முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உறைப்புக் காணாது."

டொலறஸ் உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். வெளியாட்களுக்கு வைக்கிறதில்லையாம் இது. நகுலேஸ்வரி இரண்டாவது ரொட்டியில் அதை அள்ளிப் பூசினாள். காதுக்குள் சூடேறி, மூக்கால் தண்ணீர் ஓடியது. டொலறஸ் வயிறு குலுங்கச் சிரித்தாள். தான் சிரிக்கிறேன் என்று தெரியாமலே நகுலேஸ்வரியும் சிரித்தாள். பிறகு இருவரும் முழங்கால் நோவுக்கு வந்தார்கள். டொலறஸுக்கு இடது கால், இவளுக்கு வலது.

"அம்மா" என்றான் மிதுலன் மெல்ல. "வாய் நனைச்சிட்டீங்கள்."

"ஓமடா. கண் தெரியுதுதானே."

அவ்வளவுதான் சொன்னாள். பியற்றிஸ் மேசைக்குக் கீழே மிதுலனின் கையைப் பிடித்தாள். வாமதேவன் மூன்றாம் கோப்பைக்கு நீட்டினார்.

கைப்பைக்குள் திரும்பவும் அதிர்ந்தது. வயிறும் மனமும் நிறைந்திருந்த நேரம், நகுலேஸ்வரி யாரென்று பார்க்காமலே எடுத்துக் காதில் வைத்தாள். வீட்டில் நிற்கிற மகள் தாரகா.

"அம்மா, ஏன் போனை எடுக்கிறீங்கள் இல்லை? இஞ்ச ஒரு ஆன்ரி வந்திருக்கிறா. பலகாரத் தட்டோட. மகளும் சாறி கட்டிக்கொண்டு வந்திருக்கிறா. உங்களுக்கு ரெண்டு தரம் அடிச்சவவாம். நீங்கள் ஓம் எண்டு சொல்லி, வரவும் சொன்னனீங்களாம். அம்மா, என்னம்மா இது? நான் இவைக்கு என்ன சொல்லுறது?"

இரண்டாவது பிக்காடாவின் கடைசித் துண்டு நகுலேஸ்வரியின் வாயில் இருந்தது. அதை விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை. இந்த மேசையில் இப்போதுதான் ஒரு சம்மதம் கொடுத்திருக்கிறாள். கிங்ஸ்பரி வீட்டு வாசலில் அவளுடைய இன்னொரு சம்மதம் சாறி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. இரண்டும் அவள் வாயால் கொடுத்ததுதான். இதில் வாமதேவனைத் திட்ட முடியாது, மிதுலனைத் திட்ட முடியாது, ஞானரட்ணத்தைக்கூடத் திட்ட முடியாது.

"ஆரப்பா போனில?" என்று வாமதேவன் கேட்டார். "ஏன் முகம் இப்பிடிப் போச்சு?"

"டொலறஸ்" என்றாள் நகுலேஸ்வரி, தன்னை அறியாமல்.

அடுப்படியிலிருந்து, மூன்றாவது பிக்காடாவைத் தட்டில் ஏந்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள் டொலறஸ்.

"யா?"